தன் ஊரில் மட்டும் ஓட்டுக் கேட்காத சுபேதார்

திண்டிவனம் ரயிலடிக்கு வெளியே ஜட்கா வண்டிகள் நிற்கும் வரிசையில் என் வண்டி எப்போதும் கடைசியில்தான் நிற்கும். ரயில் வந்து நின்றதும் மற்ற வண்டிக்காரர்கள் ஓடிப்போய், "சாமி இங்க வாங்க, அம்மா நம்ம வண்டிக்கு வாங்க" என்று கூவி, கையில் இருக்கும் பெட்டியைப் பிடுங்காத குறையாக அழைத்து வருவார்கள். எனக்குக் கூவ வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்த நாளிலும் வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்ல நா எழாமல் நின்றிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் கூச்சம் என்னை விடவில்லை. எல்லா வண்டியும் நிறைந்த பிறகு மிச்சம் இருப்பவர்கள் என்னிடம் வருவார்கள். எனக்கும் குதிரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மாதம், ரயில் ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒருவர் அங்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிக் கோட்டு, காக்கிக் கால்சட்டை, தலையில் முண்டாசு. கோட்டில் மெடல்கள் குத்தியிருந்தன. லாடம் அடித்த பூட்ஸ் கல்லில் பட்டுச் சத்தம் போட்டது. எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துச் சேரியில் பிறந்து, முதல் சண்டையில் பஸ்ராவுக்குப் போய், சுபேதாராகத் திரும்பி வந்தவர். சர்க்கார் கொடுத்த தரிசு நிலத்தைத் திருத்தி, அதோடு மேலும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, நல்ல வரி கட்டும் குடியானவராகவும் ஆகியிருந்தார்.

வரிசையின் முன்னால் இருந்த வண்டிக்காரர்கள் எழுந்தார்கள். அவர் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே நடந்து கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"நீங்கதானே சத்தம் போடாத வண்டிக்காரர்?"

நான் தலையாட்டினேன்.

"டில்லி சட்டசபைக்கு எலெக்‌ஷன் வருது. நான் நிக்கிறேன். ஒன்றரை மாசம் ஊர் ஊரா சுத்தணும். காலையில ஆறு மணின்னா ஆறு மணி. முடியுமா?"

முடியும் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சேரியில் இருந்து யாரும் அதுவரை என் வண்டிக்குள் உட்கார்ந்ததில்லை. யாரும் ஏற வந்ததும் இல்லை. ஆனால் அவர் நின்ற விதத்தில், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "சரிங்க" என்றேன்.

அவர் போனதும் சக வண்டிக்காரர்கள் சும்மா விடவில்லை.

"இன்னாப்பா, டில்லிக்கே வண்டி வுடப் போறியாமே? குதிரைக்கு இந்துஸ்தானி தெரியுமா?"

"டேய், இவனுக்கே பேச்சு வராது. குதிரைதான் பேசும்."

ஒருவன் மட்டும் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான். "பாத்துக்கோ. பெரிய வீட்டு சவாரியெல்லாம் போய்டும். பேஜாருதான் உனக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான் என்று மறுநாள் ஆறு மணிக்குக் குதிரையைப் பூட்டி நிறுத்தினேன். அவர் ஆறு மணிக்கு வந்தார்.

அந்தக் காலத்து ஓட்டு எல்லாருக்கும் கிடையாது என்பதை இப்போது படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல நிலம் வைத்துப் பெரிய வரி கட்டுகிறவர்களுக்குத்தான் டில்லி ஓட்டு. ஒரு கிராமத்தில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள். எனக்கு இல்லை. சுபேதாரின் சேரியில் அவரைத் தவிர ஒருவருக்கும் இல்லை. அவர் யாரிடம் ஓட்டுக் கேட்க வேண்டுமோ, அவர்கள் எல்லாரும் அவருடைய உறவுக்காரர்கள் கூலி வேலை செய்யும் நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள். எதிர்த்து நின்றவரோ பெரிய கட்சிக்காரர். பெட்ரோல் கிடைக்காத காலத்திலும் அவருக்கு மோட்டார் ஓடியது. சுபேதார் ஜெயிப்பார் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

ஒரு தடவை ஒலக்கூர்ப் பக்கம் போகும்போது, எதற்கு இந்த வேலை என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அவர் பின்னால் இருந்து சொன்னார்:

"டில்லில போய் நான் கேக்கப் போறது ஒண்ணுதான். ஓட்டு இல்லாதவங்களுக்கு ஓட்டு வேணும். அத அங்க போய் கேக்க முடியலன்னா, இங்க ஒவ்வொரு வாசல்லயும் கேட்டுட்டு வர்றேன். வாசல்ல நின்னு கேக்கணும். தெருக்கோடில ஓரமா நின்னு, துண்ட கக்கத்துல வெச்சிக்கினு கேக்க மாட்டேன்."

அவருடைய தேர்தல் அவ்வளவுதான். தெருவுக்குள் நடந்து போய், வாசலில் நிமிர்ந்து நின்று, பூட்ஸோடு கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சேரி ஆட்கள் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது வழக்கம். எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்காததால் அதை அழிக்கவும் முடியாது.

அவருடைய சொந்த ஊரைத் தவிர மற்ற ஊர்களில் பெரிய தடை வரவில்லை. காக்கியையும் மெடலையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார்கள். இவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து முடிப்பதற்குள் ஓட்டுக் கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். ஓர் ஊரில் ஒரு ரெட்டியார் பெஞ்சில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நாங்கள் தெரு முனை திரும்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். வேலைக்காரன் பெஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பார்க்காதவன் போல் குதிரையை ஓட்டினேன்.

"பாத்துட்டேன்" என்றார் சுபேதார். "கழுவிக்கட்டும். பெஞ்சு சுத்தமா இருந்தா அடுத்து வர்றவனுக்கு நல்லதுதான்."

அவரிடம் எனக்குப் பிடிபடாத ஒரு பழக்கம் இருந்தது. நேரம். விழுப்புரத்தில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். நாலு மணிக்கு என்று தண்டோரா போட்டாகிவிட்டது. குதிரைக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று இருவரும் ரயிலில் போனோம். மைதானத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாலு மணிக்கு அங்கே இருந்தவர்கள் நான், மேஜையை வாடகைக்குக் கொடுத்தவன், இரண்டு ஆடுகள். சுபேதார் பைக் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டார்.

என் வாழ்நாளில் அப்படி நான் தவித்ததில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு மனிதர் உரத்த குரலில் பேசுகிறார், கேட்க நான் ஒருவன். எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றால் கூட்டமே கலைந்து போகும். மேஜைக்காரன் ஆட்டை விரட்டுகிற சாக்கில் போய்விட்டான். ரயில்வேயில் மூன்றாம் வகுப்பில் ஜனங்கள் படும் பாடு, சிப்பாய்களின் விதவைகள் பென்ஷனுக்கு அலைவது, ஓட்டு இல்லாதவர்களுக்கு ஓட்டு என்று ஒன்று விடாமல் பேசினார். முடித்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நானும் என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

ஐந்தரை மணிக்கு மேல்தான் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை விட்ட ரயில்வேக்காரர்கள், கடைக்காரர்கள், நல்ல கூட்டம்.

"இன்னாங்க, இன்னும் பேச்சு ஆரம்பிக்கலயா?"

"முடிஞ்சிடுச்சு" என்றார் சுபேதார்.

"முடிஞ்சிடுச்சா! நாலு மணின்னு தண்டோரா போட்டா ஆறு மணிக்குன்னு அர்த்தம். மிலிட்டரில இருந்துட்டு வந்தவருக்கு இதுகூட தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார். "பஸ்ராவுல எங்களுக்கு ஒரு படகுல தண்ணி வரணும். காலையிலன்னு சொன்னாங்க. சாயங்காலம் வந்துச்சு. தண்ணி நல்ல தண்ணிதான். குடிக்கத்தான் சில பேரு இல்ல." பைக் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். "வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இதே இடத்துல பேசறேன். நாலு மணின்னா நாலு மணி."

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்க வரவில்லை, அவர் நாலு மணிக்கு ஆரம்பிக்கிறாரா என்று பார்க்க வந்தார்கள். அவர் எழுந்தபோது யாரோ ஒருவன் தன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக் கத்தினான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. அது அவருக்கும் தெரியும்.

இப்படியே ஊர்கள் முடிந்துகொண்டு வந்தன. தன் சொந்த ஊரை மட்டும் அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அந்த ஊர்த் தெருவில்தான் அவருடைய தகப்பனார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அங்கே பெரிய நிலக்காரர் மணியக்காரர். ஊர்க் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். அவருக்கும் சுபேதாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சுபேதார் பட்டாளத்தில் இருந்து திரும்பியதில் இருந்து மணியக்காரர் அவரிடம் நேராகப் பேசியது கிடையாது. பழையபடி "டேய்" என்று கூப்பிடவும் முடியவில்லை, வேறு மாதிரி கூப்பிடவும் மனம் வரவில்லை. வழியில் பார்த்தால் என்னிடம் பேசுவார். "ஏம்பா வண்டி, மழை வரும்போல கீதே, உன் வண்டில இருக்கறவருகிட்ட சொல்லு, வரப்ப வெட்டி வுடச் சொல்லு" என்பார். சுபேதாரும் என் முதுகுக்குப் பின்னால் இருந்து, "வெட்டியாச்சுன்னு சொல்லுங்க" என்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஊருக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் தலையாரி சேரிக்கு வந்து மணியக்காரர் சொன்னதாக ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனான். சுபேதார் பூட்ஸோடு ஊர்த் தெருவில் நடந்தால், இந்தப் போகம் மல்லாட்டை பிடுங்க சேரியில் ஒருவருக்கும் வேலை கிடையாது. வெளியூர் ஆளை வைத்துப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்குவதுதான் அந்தச் சேரிக்கு வருஷத்தில் பெரிய வேலை. அதில் சேர்வதை வைத்துத்தான் தை, மாசி வரை அடுப்பு எரியும். சுபேதாருக்குச் சொந்த நிலம் உண்டு, பென்ஷன் உண்டு. அவர்களுக்கு அந்த வேலை மட்டும்தான்.

நான் அன்று அவரைச் சேரியில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவன். "இருங்க" என்றார். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டார். ஆண், பெண் எல்லாரும் வந்தார்கள். இரண்டு பானைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்று புதுப்பானை, ஒன்று கரி பிடித்த பானை. இரண்டையும் கோயிலுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். ஒரு முறம் நிறைய மல்லாட்டை வந்தது.

"நீங்க ஆளுக்கு ஒரு மல்லாட்டை எடுத்துக்குங்க. ஒவ்வொருத்தரா பின்னால போங்க. நான் தெருவுக்குள்ள போய் ஓட்டுக் கேக்கலாம்னு நெனைக்கறவங்க புதுப்பானையில போடுங்க. வேணாம்னு நெனைக்கறவங்க கரிப்பானையில போடுங்க. யாரு எதுல போட்டாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. எண்ணிப் பாப்போம். என்ன வருதோ அப்படியே நடப்பேன்."

ஒரு பெண் முன்னால் வந்தாள். சுபேதாருக்கு அத்தை மகள், கேலி பேசும் முறை. களையெடுப்பில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள், சேரிப் பெண்கள் எல்லாரும் அவள் பேச்சைக் கேட்பார்கள்.

"யோவ் மாமா, எங்களுக்கு ஓட்டு இல்லன்னு ஊர் பூரா சொல்லிக்கினு வர்றியே, இது இன்னா?"

"இது ஓட்டுதான்."

"வாய்ல கேட்டா சொல்ல மாட்டமா? பானையில வந்துதான் சொல்லணுமா?"

"வாய்ல கேட்டா என் மூஞ்சியப் பாத்து சொல்லுவீங்க" என்றார் அவர்.

ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டு போய்ச் சிரிக்காமல் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் நடுவழியில் யோசித்துக்கொண்டே மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, ஓட்டத் தின்னுட்டாரு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கிழவர் சுபேதாரிடம் கை நீட்டினார். "இன்னொண்ணு குடு."

"ஆளுக்கு ஒண்ணுதான் சித்தப்பா."

"நீ நல்லா கவருமெண்டு நடத்துவடா" என்று திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார் கிழவர்.

இரண்டு பானையையும் கோயில் முன்னால் கொட்டி எல்லார் கண்ணுக்கும் எதிரில் எண்ணினார்கள். கரிப்பானையில் அதிகம் இருந்தது. ரொம்ப அதிகம் இல்லை, ஆனாலும் அதிகம்தான்.  சுபேதார் அந்த இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நான் அவருக்குப் பின்னால் நின்றேன். 

அவருடைய பட்டாளத்து நண்பர் ஒருவர், திண்டிவனத்தில் இருந்து வந்தவர், அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "மல்லாட்டைக் கொட்டையெல்லாம் ஒரு கணக்கா? ஒன்றரை மாசம் எதுக்கு சுத்தினோம்? இந்தத் தெருவுல நடக்கறதுக்குத்தானே? நீ போ, நான் கூட வர்றேன்."

"எண்ணியாச்சு" என்றார் சுபேதார்.

அவ்வளவுதான் சொன்னார். ஓட்டு இல்லாதவர்களுக்கு ஓட்டு வேண்டும் என்று மைதானத்தில் ஆட்டுக்கும் எனக்கும் பேசியவரை நான் அதுவரை நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றுதான் அவர் பெரிய மனிதர் என்று தோன்றியது. சொன்ன வார்த்தை தன் தலையிலேயே விழுந்தபோது அவர் நகரவில்லை.

மறுநாள் அந்த ஊருக்கு அவர் போகவில்லை. தெருக்கோடியில் நின்று கேட்கவும் மாட்டார், ஆள் விட்டுக் கேட்கவும் மாட்டார். ஜில்லா முழுக்க ஓட்டுக் கேட்ட மனிதர் தன் ஊரில் மட்டும் கேட்கவில்லை. மணியக்காரர் ஜெயித்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். மல்லாட்டை பிடுங்கத் தொடங்கினார்கள். சேரி வேலைக்குப் போனது.

ஓட்டுப் போடுகிற நாளும் வந்தது. சாவடி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தெருவின் நடுவில். சுபேதாருக்கும் அங்கேதான் ஓட்டு. நான் விடியற்காலையில் போனபோது அவர் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு, பூட்ஸும் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றிருந்தார். ஆனால் வண்டியில் ஏறவில்லை.

"நான் போகல" என்றார். "ஓட்டுக் கேக்கப் போக வேணாம்னு சொன்னாங்க. ஓட்டுப் போடப் போறதும் அதே தெருதான், அதே பூட்ஸுதான். வித்தியாசம் சொல்லி ஏமாத்தக் கூடாது."

கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

அப்போது பெண்கள் வேலைக்குக் கிளம்பி, மண்வெட்டியும் கூடையுமாக ரோட்டுக்கு வந்தார்கள். கிழக்கே மரக்காணம் பக்கத்தில் இருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. பெருமுக்கல் மலையின் தலை தெரியவில்லை. பாதி நிலத்தில் மல்லாட்டை இன்னும் பூமிக்குள் இருந்தது. பிடுங்கிய மல்லாட்டையும் களத்தில் மூடாமல் கிடந்தது. இரண்டு நாள் மழை பிடித்தால் எல்லாம் முளை விட்டுவிடும்.

அத்தை மகள் வானத்தைப் பார்த்தாள். சுபேதாரின் உடுப்பைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஏன் நின்னுக்கினு கீற? போய் ஓட்டுப் போடு."

"எண்ணினது எண்ணினதுதானே?"

"அன்னிக்கி வானம் வெளுத்து இருந்துச்சு. வெளியூரு ஆள வெப்பேன்னான். இன்னிக்கி எந்த ஊர்ல ஆள் கெடைக்கும்? எல்லா ஊர்லயும் மல்லாட்டை மண்ணுக்குள்ளதான் கீது. இன்னிக்கி அவன் நம்மள வேணாம்னு சொல்லட்டும், பாப்போம்."

"நீ ஒருத்தி சொன்னா ஆச்சா?"

"ஆவாதுதான். பானைக்கு எங்க போறது இப்ப?" அவள் திரும்பிப் பெண்களையும், பின்னால் வந்த ஆண்களையும் பார்த்துக் கத்தினாள். "மாமா போவலாம்ன்றவங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க! ஜல்தி, மழை வந்துக்கினு கீது!"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ரோட்டைக் கடந்தார்கள். முதலில் இரண்டு பேர், அப்புறம் எல்லாரும். இந்தப் பக்கம் மிஞ்சியவர் ஒருவர்தான். மல்லாட்டையைத் தின்ற கிழவர்.

"சித்தப்பா, நீங்க வேணாம்ன்றீங்களா?" என்று சுபேதார் கேட்டார்.

"நான் எதுக்குடா வேணாம்ன்றேன்? அன்னிக்கே போன்னு போடத்தான் போனேன். இவங்கதான் மனசு மாறினாங்க, இவங்க நடக்கட்டும். நான் எதுக்கு எடம் மாறணும்?"

சுபேதார் சிரித்தார். ஒன்றரை மாதத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

தெரு ஆரம்பிக்கும் இடம் வரை வண்டியில் வந்தோம், சேரி ஆட்கள் கூடையோடு பின்னால் வந்தார்கள். அங்கே நிறுத்தச் சொன்னார். "வண்டி உள்ள வர வேணாம். உங்களுக்கு நாளைக்கும் இந்த ஊர்ல சவாரி வேணும்" என்றார். இறங்கினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நடந்தார். நான் குதிரையை மரத்தில் கட்டிவிட்டு அவருக்கு நாலடி பின்னால் நடந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. என் கால் நடந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தெருவில் சத்தமே இல்லை, அந்த லாடச் சத்தத்தைத் தவிர. கதவுகள் அரைவாசி திறந்திருந்தன. வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. சாவடிக்கு எதிரே வேப்பமரத்தடியில் மணியக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர் இளைஞர்கள். அதில் ஒருவன் விருட்டென்று எழுந்தான். "இன்னா மாமா, பாத்துக்கினு இருக்கீங்க? பூட்ஸு போட்டுக்கினு..."

மணியக்காரர் சுபேதாரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"உக்காருடா. மல்லாட்டைய உங்கப்பனா வந்து பிடுங்குவான்?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

சுபேதார் உள்ளே போனார். ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வந்த வழியே திரும்பாமல் நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தார்.  நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, "நான் டில்லி சட்டசபைக்கு நிக்கிறேன். உங்க ஓட்டு எனக்கு வேணும்" என்றார்.

இன்னும் ஓட்டுப் போடும் நேரம் இருந்தது. இந்த ஊரில் அவர் கேட்ட ஒரே ஓட்டு அதுதான்.

மணியக்காரர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சுபேதாரையே பார்த்துச் சொன்னார். "என் ஓட்டு கட்சிக்கு. அத மாத்த முடியாது."

"சரி" என்றார் சுபேதார். "கேக்கணும்னு வந்தேன்."

"பொம்பளைங்கள நிலத்துக்கு அனுப்பி வெச்சா தேவல. மழை வந்துடும்."

"நான் அவங்களுக்கு மேஸ்திரி இல்லீங்க. தெருக்கோடில நிக்கறாங்க. நீங்களே வந்து கேளுங்க."

மணியக்காரர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். முதல் தூறல் விழுந்தது. எழுந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். தெருக்கோடியில் எல்லாரும் கூடையோடு நின்றிருந்தார்கள்.

"இன்னாமா, நிலத்துக்குப் போவலயா?"

"போறோம்ங்க" என்றாள் அத்தை மகள். "மத்தியானம் கேப்பைக் கூழு தண்ணியா ஊத்தாதீங்க. நேத்து கூழுல எங்க மூஞ்சி தெரிஞ்சுது."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மணியக்காரர் சிரிக்கவில்லை. "கெட்டியா ஊத்தச் சொல்றேன், போங்க" என்றார். அவர்கள் ஓட்டமும் நடையுமாக நிலத்துக்குப் போனார்கள்.

அந்த ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் பொய். மணியக்காரர் வீட்டுச் சவாரி எனக்கு அதோடு நின்றுபோனது. அந்தத் தெருவில் சேரி ஆட்கள் செருப்போடு தாராளமாக நடந்ததாகவும் நான் சொல்ல மாட்டேன். சிலர் நடந்தார்கள். சிலர் தெரு முனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள், பாதி தூரம் போனதும் மறந்ததுபோல் போட்டுக்கொண்டார்கள்.

ஓட்டு எண்ணிக்கை கடலூரில். சுபேதார் என்னையும் கூட்டிப்போனார். பெரிய கட்சிக்காரர் எங்கோ உயரத்தில் ஜெயித்திருந்தார். வெளியே மாலையும் மேளமும் கூட்டமுமாக இருந்தது. சுபேதார் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஜெயித்தவருக்கு ஒரு சல்யூட் அடித்து, "டில்லில ஓட்டு இல்லாதவங்களுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். மாலைகளுக்கு நடுவில் அந்த மனிதர் தலையாட்டினார். காதில் விழுந்ததோ இல்லையோ.

ரயிலில் திரும்பினோம். திண்டிவனத்தில் இறங்கி வண்டி பூட்டி, பொழுது சாய்வதற்குள் சேரிக்கு வந்தோம். கோயில் முன்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் இறங்கி, முண்டாசைச் சரிசெய்துகொண்டு, மேலதிகாரிகளுக்கு முன்னால் நிற்பது போல நின்றார்.

"தோத்துட்டேன்" என்றார். "ரொம்ப வித்தியாசத்துல தோத்துட்டேன்."

"உனக்கு எவ்ளோ விழுந்துச்சு?" என்று அத்தை மகள் கேட்டாள்.

சொல்ல அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கையைச் சொன்னார். ஜெயித்தவருக்கு விழுந்ததில் அது ஒரு மூலைக்குக் காணாது.

 அந்தப் பெண் கை விரல்களை மடக்கிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சுபேதார் இன்னொரு தடவை சொன்னார்.

"அத்தனை பேரா?" என்றாள் அவள். "நிலம் வெச்சிருக்கறவங்கள்ல அத்தனை பேரா மாமா உனக்குப் போட்டாங்க?"